'தாமாக முன்வந்து' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுவினருக்கும், பாதுகாப்புத் தரநிலை ஆணையத்தினருக்கும், அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

ஓர் அணுமின் நிலையத்தில் 26 வருடம் கதிர்வீச்சுக் கண்காணிப்பு வேலை பார்த்து 2015-இல் ஓய்வு பெற்றவன் நான். 2009-இல் உங்கள் ஆய்வுக் குழு எங்கள் நிலையத்துக்கு வந்தது. மூன்று வாரம் இருந்தார்கள். இரண்டு பிற்பகல்கள் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். போன வருடம், அதே நிலையத்தின் ஆயுளை இன்னும் இருபது வருடம் நீட்டிக்கப் போவதாகச் செய்தி வந்தது. சரி, அன்றைக்கு வந்தவர்கள் என்ன எழுதினார்கள், அதில் எதையெல்லாம் சரிசெய்தார்கள், எது பாக்கி என்று பார்ப்போமே என்று ஓய்வுபெற்ற நாங்கள் ஏழெட்டுப் பேரும் நிலையத்தைச் சுற்றி வசிக்கிறவர்கள் சிலரும் சேர்ந்து அந்த அறிக்கையைக் கேட்டோம். இரண்டே வரியில் பதில் வந்தது. அறிக்கையை வெளியிட வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட நாடு கேட்டுக்கொண்டிருப்பதால் தர இயலாது.

உங்கள் விதி எனக்குத் தெரியும். இத்தகைய அறிக்கை 90 நாள் கழிந்தால் பொதுவில் வந்துவிடும், அந்த நாடு வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும். சிக்கல் அந்த 'வரைக்கும்' என்பதில் இருக்கிறது. நான் சொன்ன பதில்களும் அந்த அறிக்கைக்குள் எங்கோ இருக்கின்றன. அதை நானே படிக்கக் கூடாது என்கிறீர்கள். இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

அணுமின்சாரமே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். உங்கள் தரநிலைகள் மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் நிலையத்தில் பல அதிகாரிகளை விட நான் அவற்றை அதிகம் படித்திருக்கிறேன். 2006-இல் நீங்கள் வெளியிட்ட பத்து அடிப்படைக் கொள்கைகளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். பாதுகாப்புக்கான முதல் பொறுப்பு நிலையத்தை நடத்துகிறவருடையது என்கிறது முதல் கொள்கை. அதற்குக் கீழே 'செய்தே ஆக வேண்டும்' என்கிற தேவைகள், அதற்கும் கீழே 'செய்வது நல்லது' என்கிற வழிகாட்டிகள். அடுக்கு அடுக்காக, நிதானமாக யோசித்து எழுதியவை. ஆனால் இவை உங்கள் முகமையின் சொந்த வேலைகளையும், நீங்கள் உதவி செய்கிற திட்டங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. மற்றபடி ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். 'செய்தே ஆக வேண்டும்' என்று எழுதிவிட்டு, 'விருப்பம் இருந்தால்' என்று சேர்த்துக்கொண்டால் அதை எப்படி வாசிப்பது?

அந்த 2009 ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் வருவது எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகவே தெரியும். கடைசி இரண்டு மாதம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. குழாய்களுக்கெல்லாம் பெயின்ட். உதிர்ந்த பெயர்ப் பலகைகளுக்குப் பதில் புதியவை. கேட்கக்கூடிய கேள்விகளும் சொல்ல வேண்டிய பதில்களும் அச்சடித்த தாள்களாக வந்தன. அதை வைத்து ஒத்திகை நடந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு அந்த மூன்று வாரமும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று.

டீசல் ஜெனரேட்டர்கள் இருந்த கட்டடத்தின் அடித்தளத்தில், வெள்ளம் வந்தால் தண்ணீரைத் தடுக்க ஒரு கனமான இரும்புக் கதவு உண்டு. அதைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை இறுகி, வெடிப்பு விட்டிருந்தது. கதவைச் சாத்தினால் கீழே விரல் நுழையும். ஷிப்ட் லாக் புத்தகத்தில் மூன்று தடவை எழுதியிருந்தோம். உங்கள் குழு வருவதற்கு முந்தின வாரம் அந்தக் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பட்டையை மாற்றவில்லை. குழுவினர் அந்த வழியாக நடந்தார்கள், கதவு திறந்து கிடந்தது, நன்றாகப் பளபளத்தது. நான் கூடவே நடந்துபோனேன். என் பக்கத்தில் என் மேலதிகாரி. வாயைத் திறக்கவில்லை நான். அது என் தவறு, அதை யார் மேலும் போட மாட்டேன். ஆனால் மேலதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளியிடம் 'ஏதாவது குறை உண்டா' என்று கேட்கிற முறையை வகுத்தவர்கள் நீங்கள்.

2011 மார்ச் 11 வந்தது. ஜப்பானில் 9.0 அளவு நிலநடுக்கம், முக்கால் மணி நேரத்தில் ஆழிப்பேரலை. ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்தின் பெரும்பாலான அவசர ஜெனரேட்டர்கள் அடித்தளங்களில் இருந்தன, மூழ்கின. மின்சாரம் போனது, குளிர்விப்பு போனது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஆறாம் உலைக்கு இருந்த ஜெனரேட்டர்களில் ஒன்று காற்றால் குளிர்வது, உயரத்தில் இருந்தது, அது ஓடிக்கொண்டே இருந்ததால் ஐந்தாம், ஆறாம் உலைகள் தப்பின. நாங்கள் கேன்டீன் டிவியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரமே எங்கள் கதவுக்குப் புது ரப்பர் பட்டை வந்துவிட்டது. உங்கள் ஆய்வுக் குழுவாலும் மூன்று லாக் புத்தகக் குறிப்புகளாலும் வராத பட்டை.

ஃபுகுஷிமாவில் தெரியாமல் நடந்தது என்று ஒன்று இருக்கிறதா? அந்த நிலையம் 5.7 மீட்டர் அலைக்குத் தயார் செய்யப்பட்டிருந்தது. 15.7 மீட்டர் வரை வரலாம் என்று அதை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே 2008-இல் ஒரு கணக்கு போடப்பட்டது. மூன்று வருடம் கழித்து வந்தது ஏறக்குறைய அதே உயரம். அதற்கும் முன்னால், 1999 டிசம்பர் 27 இரவு, பிரான்சின் பிளாயே நிலையத்தில் புயல் தண்ணீரைக் கரைக்கு மேல் தள்ளி, பம்புகள் இருந்த அறைகளை நிரப்பியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்பாக்கத்தின் கடல்நீர் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். இரண்டு நிகழ்வுகளும் உங்கள் கோப்புகளில் உண்டு. கூட்டங்கள் போட்டுப் பேசியிருக்கிறீர்கள். ஆனால் பேசியதை இன்னொரு நாட்டில் போய், 'உங்கள் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லை. 2007-இல் உங்கள் குழு ஒன்று ஜப்பானின் ஒழுங்குமுறை அமைப்பை ஆராய்ந்து, அமைப்புகளுக்குள் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கச் சொன்னது. அப்போது அணுமின்சாரத்தை வளர்க்கிற அமைச்சகத்துக்குள்தான் அதைக் கண்காணிக்கிற அமைப்பும் இருந்தது. தனி ஆணையம் வந்தது 2012 செப்டம்பரில். விபத்துக்கு அப்புறம்.

இன்னொரு பக்கம் ஒனகாவா. நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமாவை விடப் பக்கத்தில் இருந்த நிலையம். அங்கே வந்த அலையும் சுமார் 13 மீட்டர். கட்டும்போதே தரைமட்டத்தை 14.8 மீட்டர் உயரத்தில் வைத்திருந்தார்கள், தப்பித்தது. ஒரே நாடு, ஒரே ஒழுங்குமுறை. ஓரிடத்தில் யாரோ பிடிவாதமாக நின்றிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் கணக்குத் தாள் மேசையில் கிடந்திருக்கிறது. யார் பிடிவாதமாக நிற்பார் என்பதை நம்பி எவ்வளவு காலம் இருப்பது?

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உங்களுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. 2011 ஜூனில் அப்போதைய தலைமை இயக்குநர் யுகியா அமானோ, உலகில் உள்ள உலைகளில் பத்தில் ஒன்றையாவது குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து ஆராயலாம் என்றார். செப்டம்பரில் நிறைவேறிய செயல்திட்டத்தில் அது இல்லை. நாடுகள் 'தாமாக முன்வந்து' ஆய்வுக் குழுக்களை அழைக்கும்படி ஊக்குவிக்கப்பட்டன, அவ்வளவுதான். பிறகு 2013 டிசம்பரில் சுவிட்சர்லாந்து, அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவைத் திருத்தி, விபத்து நடந்தாலும் கதிரியக்கம் வெளியே போகாதபடி உலைகளை அமைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும், பழைய உலைகளுக்கும் அதை இலக்காக வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. 2015 பிப்ரவரி 9 அன்று வியன்னாவில் கூடினீர்கள். திருத்தம் கிடைக்கவில்லை, ஒரு பிரகடனம் கிடைத்தது. பழைய உலைகளில் 'நியாயமாகச் செய்யக்கூடிய' மேம்பாடுகளை 'உரிய காலத்தில்' செய்ய வேண்டுமாம். எது நியாயம், எது உரிய காலம் என்று அளப்பது யார்? நிலையத்தை நடத்துகிறவரும் அவருடைய அரசும்தான். எங்கள் ரப்பர் பட்டைக்கும் உரிய காலம் இரண்டு வருடமாக இருந்தது.

இத்தனை நாடுகளை வைத்துக்கொண்டு வேகமாக எதையும் செய்ய முடியாது என்று சொல்வீர்கள். நீங்களே செய்திருக்கிறீர்கள். 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:23-க்குச் செர்னோபில் வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. 28-ஆம் தேதி காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஒரு ஊழியர் கண்காணிப்புக் கருவியைக் கடக்கும்போது அது கத்தியது. அவருடைய செருப்பில் கதிரியக்கம். தங்கள் உலைதான் கசிகிறதோ என்று முதலில் பயந்தார்கள்; பிறகு பார்த்தால் வெளியே புல்லிலும் மழைத்தண்ணீரிலும் இருந்தது. அன்று மாலைதான் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. என் வேலை அந்தக் கருவியின் பக்கத்தில் நிற்பது என்பதால் இந்தக் கதையை நான் எத்தனை தடவை யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. உலகத்துக்கே அந்தச் செய்தியைச் சொன்னது ஒரு சாதாரணத் தொழிலாளியின் செருப்பு. சரி, அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற உடன்படிக்கையை அதே செப்டம்பர் 26-ஆம் தேதி ஏற்றீர்கள். அக்டோபர் 27-இல் அது நடைமுறைக்கே வந்துவிட்டது. ஆறு மாதம்! பனிப்போர் காலத்தில், இரண்டு வல்லரசுகளும் முறைத்துக்கொண்டிருந்தபோது. மனம் இருந்தது, நடந்தது.

செர்னோபில் பற்றி எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்கு இன்னொரு மனக்குறை உண்டு. 1986-இல் உங்கள் ஆலோசனைக் குழு எழுதிய முதல் அறிக்கை, பழியைப் பெரும்பாலும் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் மேல் போட்டது. 1992-இல் அதே குழு திருத்தி எழுதியது. உலையின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது. உலையை அவசரமாக நிறுத்தக் கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால், அவற்றின் கிராஃபைட் பகுதியால் முதல் சில நொடிகளில் உலையின் வேகம் குறையாமல் கூடக்கூடும் என்பது 1983-இலேயே, அதே வகை உலை இருந்த லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்துச் சோதனையில் தெரிந்திருந்தது. செர்னோபிலில் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. ஆறு வருடம் அவர்கள் குற்றவாளிகளாக இருந்தார்கள், அதற்குள் செத்தும் போயிருந்தார்கள் சிலர். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் நடந்த விபத்திலும் இதே கதை. திறந்தே மாட்டிக்கொண்ட ஒரு வால்வு. அது மூடிவிட்டதாக நினைக்கவைத்த பலகை விளக்கு. விளக்கு காட்டியது மூடச் சொன்ன கட்டளையைத்தான், வால்வின் நிலையை அல்ல. அதே வகை உலையில் அதே குழப்பம் 1977 செப்டம்பரில் அதே நாட்டின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் ஏற்கெனவே நடந்திருந்தது. செய்தி போய்ச் சேரவில்லை. தெரிந்தவரிடமிருந்து தெரிய வேண்டியவருக்கு விஷயம் போகாததுதான் எல்லா விபத்துகளிலும் இருக்கிறது. அதனால்தான் ஓர் அறிக்கையைப் பூட்டிவைப்பதை வெறும் காகிதச் சமாசாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆயுள் நீட்டிப்பு என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. உலகில் இயங்குகிற 400-க்கும் மேற்பட்ட உலைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 30 வருடத்தைத் தாண்டியவை. சுவிட்சர்லாந்தின் பெஸ்னாவ் 1969-இல் தொடங்கியது. பழைய உலை என்றாலே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பராமரித்த பழைய பம்ப், அரைகுறையாய்ப் பூட்டிய புது பம்பை விட மேல். ஆனால் எங்கே அரித்திருக்கிறது என்று பார்க்க யாராவது உள்ளே போக வேண்டும். அதே டேவிஸ்-பெஸ் நிலையத்தில் 2002 மார்ச்சில், உலைக்கலனின் மூடியை போரிக் அமிலம் அரித்துப் பள்ளமாக்கியிருந்ததைக் கண்டார்கள். அந்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத உட்பூச்சுத் தகடு. சோதனையை 2001 முடிவதற்குள் செய்யச் சொல்லியிருந்தார்கள், நிலையம் சில வாரம் அவகாசம் கேட்டது, கிடைத்தது. உலகிலேயே கண்டிப்பானவர்கள் என்று பெயர் வாங்கிய ஒழுங்குமுறை அமைப்பு அது. பத்து வருடத்துக்கு ஒருமுறை முழு ஆய்வு செய்யுங்கள் என்று நீங்கள் வழிகாட்டி எழுதியிருக்கிறீர்கள். செய்யாத நாட்டை என்ன செய்வீர்கள்? மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மறுஆய்வுக் கூட்டத்தில் மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளுக்கும் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு இரகசியக் காப்பு தருகிறது.

விமானத்துறையைப் பாருங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1999 முதல் உறுப்பு நாடுகளின் பாதுகாப்புக் கண்காணிப்பைத் தணிக்கை செய்கிறது. அது கட்டாயம். எந்த நாடு எந்த விஷயத்தில் எத்தனை சதவீதம் தேறியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நாடுகளுக்கும் இறையாண்மை உண்டு. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உலை வெடித்தால் மேகம் எல்லையில் நின்று அனுமதி கேட்காது என்பதை ஃபோர்ஸ்மார்க் செருப்பே சொல்லிவிட்டது.

இனி நான் நேரில் பார்த்த, உங்கள் தாள்களில் சரியாக வராத ஒன்று. ஒரு தொழிலாளி ஐந்து வருடத்தில் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50-க்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. நல்ல வரம்பு. எங்கள் நிலையத்தில், பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் வருகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள், கதிர்வீச்சு அதிகமான இடத்துக்குப் போகும்போது மார்பில் மாட்ட வேண்டிய, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை உடைமாற்றும் அறையில் விட்டுவிட்டுப் போவார்கள். முதலில் கண்டபடி திட்டினேன். ஒருநாள் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "சார், பேட்ஜ் நிறைஞ்சா என்னை வெளிய அனுப்பிடுவீங்க. அப்புறம் மூணு மாசம் சாப்பாட்டுக்கு நீங்களா தருவீங்க?" அதற்கு அப்புறம் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. வரம்பைத் தொட்டால் கூலி நின்றுவிடும் என்றால், மனிதன் வரம்பை மறைப்பான். இது எங்கள் நிலையத்தின் தனி வியாதியும் இல்லை. ஃபுகுஷிமா துப்புரவில், 2011 டிசம்பரில், ஒரு துணை ஒப்பந்த நிறுவனம் கதிர் அளவியை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது அடுத்த வருடம் அம்பலமானது. உங்கள் தரநிலை கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறது, அந்த மனிதனின் கூலியைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனாலேயே முதல் கணக்கும் பொய்யாகிவிடுகிறது. ஒரு நிலையத்தில் வரம்பைத் தொட்டவர் அடுத்த மாதம் வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனத்தில் புது ஆளாகச் சேர்வதையும் பார்த்திருக்கிறேன்.

அவசரகால ஒத்திகையையும் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் ஒத்திகை நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும். சொன்ன நேரத்துக்குப் பஸ்கள் வரிசையாக நிற்கும், சைரன் ஊதும், நடக்க முடிந்தவர்கள் ஏறுவார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நேரம் இழுக்கும் என்று. ஃபுகுஷிமாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுப் போனார்கள். கதிர்வீச்சு தொடுவதற்கு முன்பே, இடமாற்றத்திலேயே இறந்துபோன மருத்துவமனை நோயாளிகளும் முதியவர்களும் உண்டு. ஒத்திகையில் யாரை விட்டுவிடுகிறோமோ அவர்கள்தான் உண்மையில் இறக்கிறார்கள். 2015-இல் நீங்கள் வெளியிட்ட அவசரகாலத் தேவைகளில் இதெல்லாம் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கிறது. ஒத்திகையில் வந்து நின்று பார்க்க ஆள்தான் இல்லை.

அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் எல்லையும் விசித்திரமானது. அது நிலத்தில் இருக்கிற, சிவில் பயன்பாட்டு அணுமின் நிலையங்களுக்கு மட்டும்தான். 1999 செப்டம்பரில் ஜப்பானின் டோகாய்முராவில் யுரேனியக் கரைசலை எவர்சில்வர் வாளியில் அளந்து தொட்டியில் ஊற்றியதில் தொடர்வினை தொடங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்களே, அது எரிபொருள் தயாரிக்கும் கூடம். இந்த உடன்படிக்கைக்குள் வராது. ரஷ்யாவின் மிதக்கும் நிலையம் 2019 முதல் மின்சாரம் தருகிறது. நிலத்தில் இல்லை என்பதால் வராது. தொழிற்சாலையில் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பும் சிறிய உலைகளைப் பற்றி எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிற காலம் இது. 1994-இல் எழுதிய வரையறையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

உக்ரைனின் ஸபோரீஷியாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆறு உலைகள் உள்ள நிலையத்தை 2022 மார்ச் 4 அன்று ரஷ்யப் படைகள் தாக்கிப் பிடித்தன. வெளி மின்சாரம் பலமுறை அறுந்தது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து குளிர்விக்கும் நீரின் மூலமே போனது. துப்பாக்கிக்கு நடுவே ஷிப்ட் பார்க்கிற அந்த ஊழியர்களை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் உங்கள் ஆட்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: குண்டு விழுகிற நிலையத்தில் நிரந்தரமாக ஆள் வைக்க முடிகிற உங்களுக்கு, அமைதியாக ஓடுகிற நிலையத்தில் ஒரு கதவைச் சாத்திப் பார்க்க ஏன் அனுமதி வேண்டியிருக்கிறது?

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு சங்கடம் உண்டு, அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அணுசக்தியைப் பரப்புவதும் உங்கள் வேலை, அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. வளர்ப்பதையும் கண்காணிப்பதையும் ஒரே கையில் வைக்கக் கூடாது என்று உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு நாடுகளுக்குச் சொல்கிறது. அமெரிக்கா 1974-இல் சட்டம் போட்டு இரண்டையும் பிரித்தது. ஜப்பான் விபத்துக்குப் பின் பிரித்தது. முகமையில் மட்டும் 1957 முதல் இன்று வரை இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே.

எனவே கேட்கிறேன். ஆய்வுக் குழுக்களை வரவேற்பது 'தாமாக முன்வந்து' என்ற சொல் உங்கள் எல்லா ஆவணங்களிலிருந்தும் போக வேண்டும். ஒவ்வொரு நிலையமும் பத்து வருடத்துக்கு ஒருமுறையும், ஆயுள் நீட்டிப்புக்கு முன்பும் வெளியாட்களின் ஆய்வுக்குக் கட்டாயம் உட்பட வேண்டும். வருகிற வாரத்தைச் சொல்லுங்கள், பரவாயில்லை. எந்தக் கட்டடத்தை, எந்தக் கதவைப் பார்ப்பீர்கள் என்று சொல்லாதீர்கள். தொழிலாளர்களிடம் பேசும்போது மேலதிகாரியை வெளியே அனுப்புங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் பேசுங்கள்; அவர்களை அந்த வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதையே முதல் குறையாக எழுதுங்கள்.

அறிக்கை 90 நாளில் வெளியாக வேண்டும், எந்த நாட்டுக்கும் தடுக்கும் உரிமை இல்லாமல். நாசவேலைக்கு உதவக்கூடிய விவரங்களை எடுத்துவிடுங்கள். அதை நான் எதிர்க்கவில்லை. மிச்சத்தை, நிலையத்தைச் சுற்றி என்ன மொழி பேசுகிறார்களோ அந்த மொழியிலும் தர வேண்டும். இந்த மடலின் மொழி உங்கள் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று இல்லை. மொழிபெயர்த்துப் படிக்கிற சிரமம் இந்த ஒரு தடவை உங்களுக்கு.

2015-இல் கைவிட்ட 18-ஆம் பிரிவுத் திருத்தத்தை அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் மறுபடி எடுங்கள். எரிபொருள் கூடங்களும் மிதக்கும் உலைகளும் உள்ளே வரும்படி வரையறையையும் அப்போதே மாற்றுங்கள். தரநிலைத் துறையை, அணுசக்தியைப் பரப்பும் துறைகளிலிருந்து நிதியிலும் நிர்வாகத்திலும் தனியாக்க என்ன வழி என்று ஆளுநர் குழு ஒரு வருடத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கதிர் வரம்பைத் தொட்டதால் வேலையிலிருந்து நிறுத்தப்படும் எந்தத் தொழிலாளிக்கும், அவர் யார் வழியாக வந்திருந்தாலும், அந்தக் காலத்துக்கான முழுக் கூலி தரப்பட வேண்டும் என்பதை 'செய்தே ஆக வேண்டும்' பட்டியலில் சேருங்கள். நாடு விட்டு நாடு போனாலும் கூடவே வருகிற ஆயுட்கால அளவுப் பதிவேடும் வேண்டும். வரைவுத் தரநிலைகளுக்கு அரசுகள் வழியாக மட்டும் கருத்து வாங்குவதை நிறுத்தி, தொழிலாளர் சங்கங்களும் சுற்றி வசிப்பவர்களும் நேரடியாக எழுத வழி செய்யுங்கள். அவசரகால ஒத்திகைகளில் சிலவற்றையாவது உங்கள் ஆட்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும், படுக்கையில் இருப்பவர்களும் ஏற்றப்படுகிறார்களா என்று.

கடைசியாக, 2009-இல் எங்கள் நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையையும், அதற்குப் பின் வந்து பார்த்து எழுதியதையும் எங்களுக்குத் தாருங்கள். எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை. உள்ளே இன்னும் வேலை பார்க்கிறவர்களுக்குத் தொல்லை வரக் கூடாது. நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் உங்களிடம் இருக்கிறது, அதில் பெயர் உண்டு. ஆயுள் நீட்டிப்பு முடிவாவதற்கு முன் எங்கள் கைக்கு வர வேண்டும். அந்த மஞ்சள் கதவைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சுக் கண்காணிப்பு ஊழியர் ஒருவர்